பாதுகையும் சிலம்பும்: தேவதைக் கதைச் சித்திரப் படங்களிற் பெண் பாத்திரங்கள்

கதை கேட்கும் வேட்கை மக்கட்குலத்தின் தொன்மையான வேட்கைகளுள் ஒன்று. பாட்டி சொன்ன கதை ஒவ்வொரு முறையும் சிறிது வேறுபட்டே வந்தது. கேட்கும் குழந்தை அஞ்சினால் அரக்கி சற்றுச் சிறுத்தாள். கேட்கும் குழந்தை துடுக்குடையதாயின் இளவரசியும் துடுக்குடையவளானாள். கதை அச்சேறியபோது இந்நெகிழ்ச்சியிற் பெரும்பகுதி போயிற்று. திரையில் அசையும் சித்திரமாக வந்தபோது எஞ்சியதும் போயிற்று. 1937 ஆம் ஆண்டில் வரையப்பட்ட ஓர் இளவரசியின் முகமும் நடையும் குரலும் இன்றுவரை இம்மியும் மாறவில்லை. கண்டி நகரிற் கட்டுகலையில் வாழும் சிறுமியும், கலஹாவிலோ புசல்லாவையிலோ தோட்டக் குடியிருப்பில் வாழும் சிறுமியும், பாரிசில் வாழும் சிறுமியும் காண்பது அதே முகத்தையே. பெண் எப்போது பேசலாம், எப்போது பேசாதிருக்க வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடம் கற்பிக்குமுன் இப்படங்கள் கற்பித்துவிடுகின்றன. ஆதலின் அம்முகத்தை வரைந்தோர் யாவர், அதற்கு எக்குணங்களைக் கொடுத்தனர், எவற்றைக் கொடாது விட்டனர் என ஆராய்தல் வீண்வேலை ஆகாது.

கார்ட்டூன் என்று பொதுவாக வழங்கப்படும் சித்திரப் படம், சிறிது சிறிதாக வேறுபடும் ஓவியங்களை ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படச்சட்டம் என்னும் வேகத்தில் ஓடவிட்டு உயிரியக்கம் போலத் தோற்றுவிக்கும் கலையாகும். நமது பாவைக்கூத்துக்கும் இதற்கும் உள்ள உறவு வெறும் ஒப்புமை அளவினதன்று. இன்று கிடைக்கும் முழுநீளச் சித்திரப் படங்களுள் மிகப் பழையது 1926 இல் செர்மனியில் வெளிவந்த 'இளவரசர் அக்மத்தின் வீரச்செயல்கள்' என்பது. ஆயிரத்தோர் இரவுகள் என்னும் கதைத்தொகுதியைத் தழுவிய அப்படம் முழுவதும் நிழலுருவங்களால் ஆனது. கறுப்புத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டு மூட்டாக இணைத்து, அவ்வுருவங்களை அசைத்து அதனை ஆக்கியவர் லொட்டே ரைனிகர் என்னும் பெண்மணி. இக்கலையின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் கை இருந்தது என்பது மறக்கப்பட்ட செய்தி. மறக்கப்பட்டதற்குக் காரணம், பதினொரு ஆண்டுகளின் பின் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு படம் உலகையே ஆட்கொண்டமையாகும்.

வோல்ட் டிஸ்னியின் 'சினோ வைட்டும் ஏழு குள்ளர்களும்' 1937 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. கதை கிரிம் சகோதரர் 1812 இல் வெளியிட்ட தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. அத்தொகுதியின் முதற்பதிப்பில், அழகின் பொருட்டு மகளைக் கொல்லத் துணிபவள் மாற்றாந்தாய் அல்லள், பெற்ற தாயே. பெற்றவள் அவ்வாறு செய்வாள் எனக் கூறுதல் தகாதென எண்ணிய சகோதரர், 1819 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கினர். மாற்றாந்தாய் என்றாலே கொடியவள் என்னும் எண்ணத்துக்கு உலகெங்கும் உரமிட்ட கதையில், மாற்றாந்தாய் பதிப்பாசிரியரின் திருத்தத்தாற் பிறந்தவள் என்பது வியப்புக்குரியது.

இன்னொரு மாற்றமும் நோக்கத்தக்கது. கிரிம் சகோதரர் கதையில் இளவரசி முத்தத்தால் விழிப்பதில்லை. பேழையைச் சுமப்போர் இடறிவிழ, தொண்டையிற் சிக்கியிருந்த நச்சுக் கனித்துண்டு வெளியே தெறிக்க, அவள் எழுகிறாள். அதாவது தற்செயலால் விழிக்கிறாள். முத்தமிட்டு எழுப்பும் காட்சியைச் சேர்த்தவர் டிஸ்னி. இச்சிறு மாற்றத்தால் ஓர் ஆடவனின் வருகை பெண்ணின் உயிருக்கே காரணமாயிற்று. 1959 இல் வந்த 'துயிலும் அழகி' இதனையே மீண்டும் கூறியது. அப்படத்தின் பெயரைத் தாங்கும் ஒளரோரா திரையிற் காணப்படுவது ஏறத்தாழ 18 நிமிடங்களே. கதிர்முனை விரலில் தைத்தபின் படம் முடியும்வரை அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. விழித்த பின்னரும் பேசுவதில்லை.

இளவரசியர் ஏன் இவ்வாறு உயிர்ப்புக் குறைந்து தோன்றுகின்றனர் என்பதற்கு வரைகலையிலேயே ஒரு காரணம் உண்டு. சித்திரப் படத்தின் உயிர்நாடி மிகைப்படுத்தல். மூக்கு நீளலாம், வயிறு குலுங்கலாம், கோபத்தில் உடல் முழுவதும் சிவக்கலாம். குள்ளர்க்கும் எலிகட்கும் சூனியக்காரிகட்கும் இவ்வுரிமை தாராளமாக வழங்கப்பட்டது. நாயகிக்கோ அவ்வுரிமை இல்லை. ஒரு நடன மங்கையை முதலில் ஒளிப்படக் கருவியின் முன் நடிக்கச் செய்து, அந்நடிப்பைப் பார்த்தே சினோ வைட்டை வரைந்தனர். சின்டிரெல்லாவும் ஒளரோராவும் அவ்வாறே ஒரு நடிகையை முன்மாதிரியாகக் கொண்டு உருவானவர்கள். அழகு குலையலாகாது என்ற அச்சத்தால் ஓவியரின் கை கட்டுண்டது. நகைக்க வைப்பதும் அஞ்ச வைப்பதும் ஏனையோர் தொழிலாக, அழகாயிருப்பது மட்டும் நாயகியின் தொழிலாயிற்று. அவ்வோவியரின் சிறந்த பெண் படைப்புக்கள் கொடியவர்களே என்று கூறினும் மிகையாகாது. அறிவும் ஆற்றலும் தன்விருப்பும் உடைய பெண் எவளோ, அவள் முதியவளாகவும் தீயவளாகவும் இருப்பாள். நல்லவளோ பதினாறு வயதினள், ஆற்றல் அற்றவள்.

பழைய படங்களிற் பெண் ஒடுக்கப்பட்டாள், பிற்காலப் படங்களில் விடுதலை பெற்றாள் என எளிதாக முடிவுகட்டிவிடலாகாது. கார்மன் ஃபோட், கரென் ஐசன்ஹோவர் என்னும் அமெரிக்க மொழியியலாளர் இருவர் இப்படங்களின் உரையாடலைச் சொற்கணக்கிட்டு ஆராய்ந்தனர். 2016 இல் வெளிவந்த அவர்களது முடிவுகள் எதிர்பார்ப்புக்கு மாறானவை. சினோ வைட்டில் ஆடவரும் பெண்டிரும் ஏறத்தாழச் சமமாகப் பேசுகின்றனர். சின்டிரெல்லாவில் 60 வீதமும், 'துயிலும் அழகி'யில் 71 வீதமும் பெண்களின் பேச்சு. துயில்பவள் பேசாவிடினும் அவளைச் சூழ்ந்த தேவதையரும் சூனியக்காரியும் பேசுகின்றனர் அன்றோ! மாறாக, 1989 இல் வந்த 'சின்னக் கடற்கன்னி'யில் 68 வீதப் பேச்சு ஆடவருடையது. 1991 இன் 'அழகியும் விலங்கும்' படத்தில் 71 வீதம். 1992 இன் 'அலாவுதீன்' படத்தில் 90 வீதம். 1998 இன் 'மூலான்' சீனநாட்டு வீராங்கனை ஒருத்தியின் கதை. படையிற் சேர்ந்து நாட்டைக் காக்கும் அவளைவிட அவளுக்குத் துணைவரும் குட்டி நாகம் ஒன்றரை மடங்கு சொற்களைப் பேசுகிறது. நாயகி துணிவுள்ளவளானாள், ஆனால் அவளைச் சுற்றியுள்ள உலகம் ஆடவர் உலகமாயிற்று. கடைக்காரன், காவலன், நண்பன், அறிவுரை கூறும் நண்டு, நகைச்சுவைப் பறவை எல்லாம் ஆண்குரல். ஒரு பெண் தனித்து உயர்ந்து நிற்பதும் ஒருவகைத் தனிமைச் சிறையே.

கடற்கன்னியின் கதை இவ்வகையில் மிகத் தெளிவானது. நிலத்துக்கு வர விரும்பும் அவள், கால்களைப் பெறுவதற்கு விலையாகத் தன் குரலைக் கொடுக்கிறாள். அண்டர்சன் 1837 இல் எழுதிய மூலக்கதையில் அவள் நாவே அறுக்கப்படுகிறது. இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அவள் கடல்நுரையாய்க் கரைந்து காற்றின் புதல்வியரோடு சேர்கிறாள். மூலம் துன்பியல். குரலிழந்தவள் தோற்றாள் என்பதை அது மறைக்கவில்லை. படமோ அவளை இளவரசனுக்கு மணமுடித்து வைக்கிறது. பேச்சின்றியும் ஓர் ஆடவனின் உள்ளத்தைப் பெறலாம் எனச் சூனியக்காரி கூறும் அறிவுரை தீயோள் வாயில் வைக்கப்பட்டதேனும், குரல் மீளுமுன்பே இளவரசன் அவள்பால் ஈர்க்கப்படுவதால் அதன் பாதி மெய்யாகிவிடுகிறது.

பேசாத பெண்ணை இலட்சியமாகக் கொண்ட இக்கதைகளைக் கண்டி நகரில் இருந்துகொண்டு நோக்கும்போது ஓர் ஒப்புமை தானாகவே எழுகிறது. தலதா மாளிகையின் எதிரே, நாத தேவாலயத்தின் அயலில், பத்தினி தேவாலயம் உள்ளது. அங்கு உறையும் பத்தினித் தெய்வம் சிலப்பதிகாரத்துக் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் அங்கிருந்தான் என்பது இளங்கோவடிகள் நூல் தரும் செய்தி. தமிழ்ப் பெண்ணொருத்தி சிங்கள மக்களின் காவற்றெய்வமாய் விளங்கும் வரலாற்றைக் கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூல் விரிவாக ஆராய்கிறது. ஆண்டுதோறும் நிகழும் எசல பெரஹராவில் தலதா மாளிகை, நாதர், விட்டுணு, கதிர்காமக் கந்தன் ஆகியோரின் ஊர்வலங்களுக்குப் பின் ஐந்தாவதாகப் பத்தினியின் ஊர்வலம் வரும். மரபின்படி பெண்கள் ஆடிவரும் ஊர்வலம் அஃதொன்றே.

பத்தினியின் அடையாளம் சிலம்பு. சிங்களத்தார் அதனைச் சலம்ப என்பர். சின்டிரெல்லாவின் அடையாளம் கண்ணாடிப் பாதுகை. 1697 இல் பெரோல் எழுதிய பிரெஞ்சுக் கதையிலிருந்து அது வந்தது. இரண்டும் காலில் அணிவன. இரண்டும் இணையாய் இருந்து ஒன்று பிரிந்தவை. இரண்டிலும் பிரிந்த ஒன்று அரண்மனைக்குச் செல்கிறது. எஞ்சிய ஒன்று பெண்ணிடம் இருக்கிறது. 1950 இல் வந்த டிஸ்னியின் படத்திற் பலர் மறந்துவிடும் ஒரு காட்சி உண்டு. அரண்மனையார் கொணர்ந்த பாதுகை மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் தரையில் வீழ்ந்து நொறுங்குகிறது. எல்லாம் முடிந்தது என அனைவரும் திகைக்க, சின்டிரெல்லா தன் உடையினின்று மற்றைப் பாதுகையை எடுத்து நீட்டுகிறாள். வாழ்வெல்லாம் அடங்கியிருந்தவள் தன் வழக்குக்குத் தானே சான்று காட்டும் கணம் அது. அவளைச் செயலற்றவள் எனப் பழிப்போர் இக்காட்சிக்கு விடைகூற வேண்டும்.

ஆயினும் அச்சான்று எதற்குச் சான்று? அவளே அன்றிரவு ஆடியவள், அவளே மணமகள் என்பதற்கு. கண்ணகியின் எஞ்சிய சிலம்போ அரசன் தவறினான் என்பதற்குச் சான்று. அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம் எனக் கூறி அதனை அவள் தன் கையாலேயே உடைக்கிறாள். பாதுகை உடைவது பகைவர் சூழ்ச்சியால். சிலம்பு உடைவது உரியவள் துணிவால். பாதுகை பொருந்தியதும் கதை முடிகிறது. சிலம்பு உடைந்ததும் அரசன் வீழ்கிறான், நகர் எரிகிறது. ஒன்று மணமேடைக்கு வழி. மற்றது நீதிமன்றத்துக்கு வழி. சின்டிரெல்லாவை மணமகன் வீட்டுக்கு அனுப்பிவைப்பதே அக்கதையின் மங்கல முடிவு. கண்டிச் சிங்களர் வழக்கில் அஃது ஒன்றே வழியன்று என்பதையும் இடையே குறிப்பிடலாம். மனைவி கணவன் வீடு செல்லும் தீக மணத்தோடு, கணவன் மனைவி வீட்டுக்கு வரும் பின்ன மணமும் அங்குண்டு. பின்ன மணத்திற் பெண் தந்தையின் நிலத்தில் உரிமை இழப்பதில்லை. இளவரசன் குதிரையை விட்டிறங்கிப் பெண்வீட்டிற் குடிபுகும் தேவதைக் கதையை எந்நிறுவனமும் பெரிதாக வரைந்ததாகத் தெரியவில்லை.

மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதனை இரதி தடுக்கிறாள்; தீக்குறிகளைக் கூறி வழக்காடுகிறாள்; அவன் எரிந்தபின் அழுது அரற்றி, இறுதியில் அவனுயிரை மீட்கிறாள். மீண்டவன் அவள் கண்ணுக்கு மட்டுமே புலனாவான். இங்கே கிடப்பவன் ஆடவன், எழுப்புபவள் பெண். சாவித்திரி கதையும் அவ்வாறே: யமனைப் பின்தொடர்ந்து நடந்து, சொல்லாலேயே கணவனின் உயிரைப் பெறுகிறாள். துயிலும் அழகியின் கதையைத் தலைகீழாக வைத்தது போன்ற இக்கதைகளில் முத்தத்தின் இடத்தில் வாதம் நிற்கிறது. மேனாட்டிலும் இத்தகைய கதை இல்லாமற் போகவில்லை. அண்டர்சனின் 'பனி அரசி' 1844 இல் எழுதப்பட்டது. பனி அரசியாற் கவரப்பட்ட சிறுவன் கேயைத் தேடிச் சிறுமி கெர்டா தனியே நெடுந்தொலைவு நடந்து சென்று மீட்கிறாள். லேவ் அட்டமானொவ் என்னும் சோவியத் இயக்குநர் 1957 இல், அதாவது 'துயிலும் அழகி' வருவதற்கு இரண்டாண்டு முன்னரே, இதனை அரிய சித்திரப் படமாக்கினார். அதே கதையிலிருந்து தொலைவாகப் பிறந்த 'ஃபுரோசன்' 2013 இல் வந்து, உண்மை அன்பின் செயலைக் காதலனிடமிருந்து எடுத்து உடன்பிறந்தாளிடம் கொடுத்தது. நல்ல மாற்றந்தான், ஆனால் சகோதரியர் இருவரைப் பற்றிய அப்படத்திலும் 59 வீதப் பேச்சு ஆடவருடையதே.

படைப்போர் யாவர் என்னும் வினா இங்கே எழுகிறது. டிஸ்னி நிறுவனம் 1938 இல் வேலை வேண்டிய பெண்ணொருத்திக்கு அனுப்பிய மறுமொழிக் கடிதம் இன்றும் கிடைக்கிறது. படைப்பு வேலை முழுவதும் இளைஞராகிய ஆடவர்க்கே உரியது, பெண்டிர்க்கு உள்ள வேலை மைக்கோடு இழுத்தலும் வண்ணந் தீட்டலுமே என்பது அதன் சாரம். சின்டிரெல்லாவின் வண்ணக் கோலங்களைக் கற்பனை செய்த மேரி பிளேயர் போன்ற விதிவிலக்குகள் சிலவே. அந்நிறுவனத்தின் முழுநீளச் சித்திரப் படம் ஒன்றுக்கு ஒரு பெண் திரைக்கதை எழுதியது 1991 இலேயே. லின்டா வூல்வெர்ட்டன் எழுதிய 'அழகியும் விலங்கும்' அது. நூல் வாசிக்கும் நாயகி அவர் தந்த கொடை. எனினும் அப்படத்திற் பேச்சின் பெரும்பகுதி ஆடவரிடமே இருந்ததை மேலே கண்டோம். எழுதுபவர் பெண்ணாய் இருத்தல் மட்டும் போதாது போலும். பிரென்டா சாப்மன் தொடங்கிய 'பிரேவ்' 2012 இல் வெளிவந்தது. தாயும் மகளும் முரண்பட்டு இணங்கும் அக்கதையில் 74 வீதம் பெண்களின் பேச்சு. மணமகன் எவனையும் ஏற்காது முடிவதும் அதன் புதுமை.

இவ்வளவு கூறியதால் நமது கதைமரபு குற்றமற்றது என்பது கருத்தன்று. இரதியாக வேடந்தாங்குபவர் மரபுப்படி ஆடவரே. கண்ணகியும் கணவன் உயிரோடிருந்தவரை வாய்திறந்தவள் அல்லள் எனலாம். நுவரெலியாவை அடுத்துச் சீதா எலியவில் கோயில் கொண்டிருக்கும் சீதையைப் பற்றி இரு சித்திரப் படங்கள் உள்ளன. யூகோ சாக்கோ, ராம் மோகன் முதலியோர் இயக்கிய இந்திய யப்பானிய முயற்சியான 'இராமாயணம்: இராமன் வரலாறு' 1992 இல் நிறைவுற்று, 2025 இல் இந்தியத் திரையரங்குகளிலே தமிழிலும் வெளியாயிற்று. ஓவியச் சிறப்பு வாய்ந்த அப்படத்திற் சீதை மீட்கப்படுபவள். உத்தரகாண்டத்துக்கு அங்கு இடமில்லை. நீனா பேலி என்னும் அமெரிக்கப் பெண்மணி பெரும்பாலும் தனியொருவராகவே ஆக்கி 2008 இல் வெளியிட்ட 'சீதை பாடும் சோகம்', சீதையை நாயகியாக்கி, அவள் மண்ணுள் மறையும் வரை செல்கிறது. 1920 களின் அமெரிக்கப் பாடல்களைச் சீதையின் வாயில் வைத்தது பலர்க்கு உவப்பாயில்லை. ஆனால் அதிலே கதை சொல்லும் மூன்று நிழற்பாவைகள் ஒருவரையொருவர் மறுத்தும் ஐயுற்றும் பேசும் முறை, கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய பாட்டியின் நெகிழ்ச்சியைத் திரைக்கு மீட்டுத் தந்தது என்பதை மறுத்தல் அரிது.

இனி, இம்மலைநாட்டுக்கே உரிய ஒருத்தி எஞ்சியுள்ளாள். மகாவம்சத்தின்படி விசயன் இலங்கைக் கரையில் இறங்கியபோது குவேனி ஒரு மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். மாயத்தால் அவன் தோழரைச் சிறைப்பிடித்தவள் அவள். அவன் வெருட்டிப் பணிவித்ததும் பதினாறு வயது மங்கையாக உருமாறி அவனைச் சேர்ந்தவளும் அவளே. தன் இனத்தாராகிய இயக்கரை வெல்ல வழிகாட்டினாள். பின்னர் மதுரைப் பாண்டியன் மகளை மணப்பதற்காக அவன் அவளைத் துறந்தான். திரும்பிச் சென்றவளைத் தன்னினத்தானே அடித்துக் கொன்றான். பிள்ளைகள் இருவரும் சிவனொளிபாத மலைப் பக்கம் ஓடிப் பிழைத்தனர். அவள் இட்ட சாபத்தாற் பிற்காலத்திற் பண்டுவாசுதேவ மன்னன் நோயுற, அந்நோய் தீரவே கொஹொம்ப கங்காரிய என்னும் சடங்கு தோன்றிற்று என்பர். கண்டிய நடனத்தின் வேர் அச்சடங்கே. அதன் வெஸ் என்னும் முடியணி ஆடவர்க்கே உரியதாய் நெடுங்காலம் இருந்துவந்தது. ஒரு பெண்ணின் சினத்தைத் தணிக்க ஆடவர் விடிய விடிய ஆடுகின்றனர். நோய் தீர்பவனோ மன்னன்.

தேவதைக் கதைப் படங்கள் கதிர் சுழற்றும் சூனியக்காரியையும் பதினாறு வயது இளவரசியையும் இரு பெண்களாகப் பிரித்து, ஒருத்தியை வெறுக்கவும் மற்றவளை விரும்பவும் குழந்தைக்குக் கற்பித்தன. குவேனியில் அவ்விருவரும் ஒருத்தியே. அவளை வரையப் புகும் ஓவியர் எந்த முகத்தை முதலில் வரைவார் என்பது கண்டியிலுள்ள ஓவிய மாணவர்க்கு ஏற்ற நல்ல பயிற்சியாகும்.